ஸ்வெட்டர் போட்டும் ஏன் குளிருகிறது? மார்கழியில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு

வேளச்சேரியில் இருந்து ஒருவர் கேட்டது இது. குடியிருப்பில் பக்கத்து பிளாக்காரர் விற்ற பழைய கியர் சைக்கிளை வாங்கியிருக்கிறார். விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி, ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பிடித்து முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்புகிறார். போகும்போது ஸ்வெட்டருக்குள் வியர்த்துக் கொட்டுகிறது. திரும்பும்போது நெஞ்சு சில்லிட்டு விரல் மரத்துப்போகிறது. "சென்னையில குளிருதுன்னு சொன்னா வீட்ல சிரிக்கிறாங்க. பொங்கல் லீவுல நண்பர்களோட கோத்தகிரி வேற ஏறப்போறோம். இதுக்குன்னு தனியா டிரெஸ் வாங்கணுமா? இந்த சைக்கிள் தாங்குமா?" என்பது கேள்வி.

முதலில், வீட்டில் சிரிப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் சென்னையின் குறைந்தபட்ச வெப்பநிலை பெரும்பாலும் 20 முதல் 22 டிகிரி. இந்த ஊரில் பதிவான மிகக் குறைந்த அளவே 13.9 டிகிரிதான், அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். பால்கனியில் உட்கார்ந்து காபி குடிப்பவருக்கு 20 டிகிரி சுகம். ஆனால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டுபவரின் நெஞ்சில், இலை அசையாத நாளில்கூட, 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதிக்கொண்டே இருக்கிறது. அந்த நெஞ்சு நனைந்தும் இருந்தால் சென்னையிலேயே பல் தந்தியடிக்கும்.

நனைவது எப்படி என்று பார்த்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி முக்கால் பங்கும் சூடு. நிதானமாக 100 வாட் அளவுக்கு மிதித்தாலே சுமார் 300 வாட் சூட்டை உடம்பு வெளியே தள்ளியாக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இது 100 வாட் பக்கம்தான். அந்தக் கூடுதல் சூட்டை இறக்கத்தான் வியர்வை. ஒரு கிராம் வியர்வை காய்ந்தால் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். மிதிக்கிற வரைக்கும் நல்ல ஏற்பாடு. கால் நின்றதும் சூடு வருவது நின்றுவிடும்; பனியனில் ஊறிய ஈரம் மட்டும் தன் பாட்டுக்குக் காய்ந்துகொண்டே, இல்லாத சூட்டையும் பிடுங்கிக்கொண்டிருக்கும்.

இதில் உங்கள் ஸ்வெட்டர் இரண்டு பக்கமும் கெடுதல் செய்கிறது. பின்னல் துணி காற்றைத் தடுக்காது, ஊடே விட்டுவிடும். அதே நேரம் போகும்போது தேவையில்லாமல் வியர்க்கவைக்கும். திரும்பும்போது ஈரச் சுமையாகத் தோளில் தொங்கும்.

இன்னொன்று, நீங்கள் போகிற திசை. மார்கழியில் நம் கரையில் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோதான். ஈசிஆரில் தெற்கே போகும்போது வாடைக்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது. காற்றும் நீங்களும் ஒரே திசையில் போவதால் உடம்பில் காற்றே படுவதில்லை, வேகம் மட்டும் ஜோராக வருகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. முட்டுக்காடு பாலத்தில் நின்று போட்டோ எடுக்கிறீர்கள், ஒரு டீ. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் மறைப்பே இல்லாத இடம். பிறகு வண்டியைத் திருப்பினால் அதே வாடை நேர் எதிரே, முழுக்க நனைந்த சட்டைமேல். குளிர் அதிகமானதால் நடுங்கவில்லை. நனைந்த பிறகு எதிர்காற்று வாங்கியதால் நடுங்குகிறீர்கள்.

ஆக, காசு செலவில்லாத வைத்தியம் திசையை மாற்றுவது. வாடை அடிக்கிற நாளில் தெற்கே போகாமல் வடக்கே போங்கள். அடையாறு, சாந்தோம், மெரினா, நேப்பியர் பாலம் வரை போய்த் திரும்பலாம். உடம்பு காய்ந்திருக்கும்போது எதிர்காற்று, நனைந்த பிறகு முதுகுக் காற்று. வழியில் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஒதுங்கினால் கோலமும் பஜனையும் உபரி. கோயிலில் பொங்கல் கிடைத்தால் விட வேண்டாம், ஆனால் அந்த நெய்ப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு வேகமாக மிதிக்கலாம் என்று கனவு காண வேண்டாம். ஈசிஆர்தான் போவேன் என்றால் போகும்போது வேகத்தை அடக்குங்கள், ஜிப்பைத் திறந்து விடுங்கள், ஒரு காய்ந்த பனியனைப் பையில் எடுத்துப் போய் முட்டுக்காட்டில் மாற்றுங்கள். டீக்கு முன்னால் பனியன். வரிசை முக்கியம்.

கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், இது எல்லா ஊருக்கும் பொருந்தும். வீட்டு வாசலில் கதகதப்பாக இருந்தால் மத்திய கைலாஷ் வருவதற்குள் வெந்துவிடுவீர்கள்.

உடுப்பு விஷயத்துக்கு வருவோம். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். சென்னை வெயிலுக்கு அதைவிட நல்ல துணி இல்லைதான், ஆனால் பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு சீக்கிரம் விடாது. விளையாட்டுக்காரர்கள் போடும் மெல்லிய பாலியஸ்டர் டீ-ஷர்ட் ஈரத்தை வெளிப்பக்கம் கடத்தி வேகமாகக் காய்ந்துவிடும். பெரிய கடைக்குப் போக வேண்டியதில்லை, தி.நகரிலும் வண்ணாரப்பேட்டையிலும் திருப்பூர் எக்ஸ்போர்ட் மிச்சம் குவித்துப் போட்டு விற்கிறார்களே, அதில் தேடினால் கிடைக்கும். உடம்போடு ஒட்டி நிற்கிற அளவு எடுங்கள், தொளதொளவென்று வேண்டாம்.

அதற்கு மேலே ஒரே ஒரு வேலை: முன்பக்கம் காற்றை நிறுத்துவது. முதுகில் காற்று படுவதில்லை, அங்கே தடுப்பு தேவையில்லை. மெல்லிய விண்ட்சீட்டர் போதும், முழு நீள ஜிப் உள்ளதாக. மழைக்கோட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். காற்றை நிறுத்தும், ஆனால் வியர்வையையும் உள்ளேயே பூட்டிவிடும். கழற்றும்போது உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சொட்டும்.

விண்ட்சீட்டரும் இல்லையா? செய்தித்தாள் எடுங்கள். கேலி இல்லை, ஐரோப்பாவில் மலைப் பந்தயம் ஓட்டியவர்கள் உச்சியில் ரசிகர்களிடம் பேப்பர் வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டுதான் இறங்குவார்கள். நேற்றைய தினத்தந்தியில் ஒரு முழுத் தாளை எடுத்து, பிரிக்காமல், குறுக்கே ஒரு மடிப்பு மட்டும் மடியுங்கள். உள் பனியனுக்கும் மேல் சட்டைக்கும் நடுவில், கழுத்துக் குழியிலிருந்து தொப்புள் வரை வருகிற மாதிரி செருகுங்கள். கீழ் ஓரத்தைப் பேண்ட் இடுப்புக்குள் விட்டால் நழுவாது. முதல் கொஞ்ச தூரம் சரசரக்கும், பிறகு உடம்பின் வளைவுக்குப் படிந்துவிடும். காற்றும் நிற்கும், வியர்வையையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். நனைந்தால் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த தாள். வழவழ இணைப்பிதழ் உதவாது, அது ஈரம் குடிக்காது. வெள்ளைப் பனியனில் தலைப்புச் செய்தி பதியும் என்பதை மட்டும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கைக்கு, ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் வெயிலுக்குப் போடும் கை உறை இருக்கிறதே, தோள் வரை இழுத்துவிடுவது, அதுவே பிரமாதம். நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைக்கும். சூரியன் வந்ததும் நிற்காமலே மணிக்கட்டு வரை தள்ளிவிடலாம். முழுக்கைச் சட்டையில் அந்த வசதி கிடையாது. விரல் மரத்தால் உடனே தடிமனான கையுறை வாங்க ஓடாதீர்கள். நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால் உடம்பு விரல்களுக்கு அனுப்பும் ரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். முன்பக்கத்தைச் சரிசெய்தாலே சென்னையில் விரல் தானாகச் சரியாகிவிடும். மெல்லிய கையுறை ஒன்று இருந்தால் போதும், அதுவும் பிரேக்கைத் தடையில்லாமல் பிடிக்கிற மாதிரி.

செருப்போடு ஓட்டுபவர் என்றால் காலில் ஷூ ஏற்றினாலே பாதிக் குளிர் போய்விடும். விளையாட்டு ஷூவில் விரல் பக்கம் வலைத்துணி, காற்று நேரே உள்ளே போகும். அதற்கு ஆவின் பால் கவர். அரை லிட்டர் கவரைக் கழுவிக் காயவைத்து, ஒரு ஓரத்தை வெட்டி, சாக்ஸ் போட்ட விரல்களின் மேல் தொப்பி போல மாட்டி ஷூவுக்குள் விடுங்கள். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபோது பால் கவருக்கு விலக்கு கொடுத்தார்கள், அதில் நமக்கும் இப்படி ஒரு லாபம்.

தலைக்குக் குரங்குக் குல்லா வேண்டாம் என்றால் பெரியவர்கள் கோபிப்பார்கள். ஹெல்மெட்டுக்குள் அது சுருண்டுகொண்டு ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது, காதும் அடைபடும். "பனி காதில் இறங்கும்" என்று பஞ்சு வைத்து அனுப்பும் அம்மாக்களுக்கு ஒரு சமாதானம்: பனி மேலிருந்து இறங்குவதில்லை. இரவில் குளிர்ந்துபோன இலையிலும் கார் கண்ணாடியிலும் காற்றின் ஈரம் படிவதுதான் பனித்துளி. சூடாக இருக்கும் தலையில் அது படியாது. காதில் காற்று அறைவது மட்டும் உண்மை, சிலருக்கு வலிக்கவும் செய்யும். மெல்லிய துணிப்பட்டை ஒன்றை நெற்றியோடு காதை மூடிக் கட்டினால் போதும். பஞ்சு வைக்காதீர்கள். பின்னால் மாநகரப் பேருந்து வருவது உங்களுக்குக் கேட்க வேண்டும்.

அப்புறம் சைக்கிள். இதற்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். பயணத்திலேயே அதிகம் குளிர்கிற நேரம் எது தெரியுமா? செயின் கழன்றோ பஞ்சராகியோ ரோட்டோரம் நிற்கிற நேரம். நனைந்த உடம்பு, மிதி கிடையாது, விறைத்த விரலால் டயரை நெம்ப வேண்டும். பழைய சைக்கிளை ஒழுங்காக வைத்திருப்பதுதான் இரண்டாவது ஸ்வெட்டர்.

முதலில் மட்கார்டு. விற்பனைக்கு வரும் பழைய கியர் சைக்கிள்களில் அநேகமாக அது இருக்காது, அழகு கெடுகிறது என்று கழற்றியிருப்பார்கள், அல்லது வாங்கும்போதே இருந்திருக்காது. மழை விட்ட மறுநாள் ரோட்டில் தேங்கிய தண்ணீரைப் பின் சக்கரம் அள்ளி உங்கள் முதுகுத்தண்டு நெடுக ஒரு கோடு போடும், முன் சக்கரம் ஷூவை நனைக்கும். பிளாஸ்டிக் மட்கார்டு ஒரு ஜோடி மாட்டிவிடுங்கள். அந்தக் காலத்து ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ (இரண்டுமே நம் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் பிராண்டுகள்) வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. மட்கார்டும் செயின் கவரும் சேர்ந்தே வரும். வேகம் குறைவு என்பதால் காற்றும் குறைவு. குளிர்காலத்துக்கு அது ஒன்றும் மட்டமான வண்டி இல்லை.

அடுத்தது பிரேக். பழைய ஒயர் உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கும். பகலில் தெரியாது. விரல் மரத்த நேரத்தில் இழுத்தால்தான் எவ்வளவு கனம் என்று தெரியும். ஒற்றை விரலால் இழுத்துப் பாருங்கள், சுலபமாக வராவிட்டால் ஒயரையும் உறையையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், ஒயரை மட்டும் மாற்றிப் பயனில்லை. பிரேக் ரப்பரை நகத்தால் அழுத்துங்கள். நகம் பதியாமல் கண்ணாடி மாதிரி பளபளத்தால் மாற்ற வேண்டியதுதான். டயரின் பக்கவாட்டில் பொடிப்பொடியாக வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். பால்கனியில் பல வருஷம் வெயிலில் நின்ற சைக்கிளுக்கு இது வரும், மேல் பட்டை புதிதாகவே இருந்தாலும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஆடினால் பெண்ட் எடுக்கச் சொல்லுங்கள். இவ்வளவும் தெருமுனைக் கடையில் ஒரே காலையில் முடிகிற வேலை.

சென்னையில் பழைய சைக்கிளுக்கு இன்னொரு சோதனை கட்டாயம், அது வெள்ளத்தில் நின்றதா என்பது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனை அடுக்குமாடிகளின் தரைத்தளம் மூழ்கியது என்று வேளச்சேரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்ததும் துடைத்து, எண்ணெய் விட்டு, "அதிகம் ஓட்டாத வண்டி" என்று விற்றுவிடுவார்கள். சொல்வது பொய்யும் இல்லை. சீட்டைக் கம்பியோடு உருவி எடுங்கள். சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். பழுப்புத் தண்ணீரோ காய்ந்த வண்டல் பொடியோ கொட்டினால் கதை தெரிந்துவிடும். பெடல் அச்சிலும் ஹப்பிலும் கிரீஸ் கழுவிப்போய், உள்ளே பால்ரஸ் துருவேறிக் கறகறக்கும். வாங்கியாகிவிட்டது என்றால் கவலையில்லை, முழு ஓவராயில் செய்து புது கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். கோத்தகிரிக்கு முன்னால் செய்யுங்கள், போய் வந்த பிறகு இல்லை.

விளக்கு சொல்லாமலே தெரிந்திருக்கும். ஜனவரி நடுவில் சென்னையில் சூரியன் உதிப்பதே ஆறரை மணி வாக்கில்தான். ஐந்து மணிக்குக் கறுப்பு விண்ட்சீட்டர் போட்டுக்கொண்டு பின் விளக்கில்லாமல் ஈசிஆரில் போகாதீர்கள்.

மழை நாளில் ஓட்டலாமா என்றால், தூறலில் ஓட்டலாம், தேங்கிய தண்ணீரில் வேண்டாம். குளிருக்காகச் சொல்லவில்லை, அடியில் இருக்கும் பள்ளம் தெரியாது. போகிப் பண்டிகை விடிகாலையில் சைக்கிளைத் தொடவே வேண்டாம். எரிக்கும் புகையும் மூடுபனியும் கலந்து மீனம்பாக்கத்தில் விமானங்களே தாமதமாகிற நாள் அது. வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு அந்தக் காற்றில் போவது நுரையீரலுக்குச் செய்யும் துரோகம். வீசிங் உள்ளவர்களுக்கு வெறும் குளிர்காற்றே போதும், வேகமாக மிதித்தால் மூச்சுக்குழல் சுருங்கும். மூக்கும் வாயும் மூடி மெல்லிய துணி கட்டுங்கள், முதல் பத்து நிமிஷம் மெதுவாகப் போங்கள், இன்ஹேலர் பழக்கம் இருந்தால் கிளம்புவதற்கு முன் எடுப்பதா என்று உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கோத்தகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 33 கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 1,450 மீட்டர். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி குறையும். கீழே 20 இருந்தால் மேலே 11 பக்கம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், விடிகாலையில் அதற்கும் கீழே. அங்கிருந்து ஊட்டி வரை போவதாகத் திட்டம் இருந்தால் தொட்டபெட்டா ஓரமாகத்தான் போக வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படிகிற ஊர். அதை முதல் தடவையே சேர்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஏறும்போது குளிரைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. வேகம் மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர்தான், காற்றே படாது, உடம்பு கொதிக்கும். ஒற்றை டீ-ஷர்ட்டோடு, ஜிப் இருந்தால் திறந்துவிட்டு ஏறுங்கள். ஆபத்து இறக்கத்தில்தான். முட்டுக்காட்டில் உங்களுக்கு நடந்ததே பல மடங்காக நடக்கும்: மணிக்கணக்கில் ஏறி நனைந்த உடம்பு, மிதியே இல்லாத இறக்கம், 35, 40 கிலோமீட்டர் வேகக் காற்று, 11 டிகிரி. பத்தே நிமிஷத்தில் விரல் விறைக்கும், விறைத்த விரல் பிரேக்கை இழுக்காது, எதிரே கொண்டை ஊசி வளைவு. இந்த இடத்தில் குளிர் வெறும் அசௌகரியம் இல்லை, விபத்து.

அதனால் மேலே போய்ச் சேர்ந்ததும் ஈர டீ-ஷர்ட்டைக் கழற்றிக் காய்ந்ததைப் போடுங்கள். இறங்கும் முன் விண்ட்சீட்டர், அதற்குள் செய்தித்தாள், முழுக் கையுறை, முட்டியை மூடும் பேண்ட், எல்லாம் குளிர ஆரம்பிக்கும் முன்பே உடம்பில் இருக்க வேண்டும். பாதி வழியில் குளிரும்போது போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், பையின் ஜிப்பைப் பிடிக்கவே விரல் ஒத்துழைக்காது. அங்கங்கே நின்று கையைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள். அப்படி நிற்பது சக்கரத்துக்கும் நல்லது. ரிம்மைப் பிடிக்கிற பிரேக்கில் நீண்ட இறக்கத்தில் ரிம் கொதித்துப் பழைய டியூப் வெடிக்கலாம். விடாமல் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, நேர் ரோட்டில் விட்டு விடுங்கள். இரண்டு பிரேக்கும் வேலை செய்கிற சைக்கிளோடு மட்டும் போங்கள்.

தனி டிரெஸ் எதுவும் வாங்க வேண்டியதில்லை, கையுறையைத் தவிர. அதை மட்டும் நல்லதாக டெகாத்லான் மாதிரி விளையாட்டுச் சாமான் கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள், பிரேக் பிடியில் கை வைத்துப் பார்த்து. மீதிக் காசை ஓவராயிலுக்கும் புது டியூப் இரண்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளை சென்ட்ரலில் பார்சலில் போட்டு நீலகிரி எக்ஸ்பிரஸில் கொண்டு போவதாக இருந்தால் பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, கியர் பக்கம் அட்டை வைத்துக் கட்டிக் கொடுங்கள். முந்தின நாளே பார்சல் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். திரும்பும் வண்டி மேட்டுப்பாளையத்தில் கிளம்புவது இரவில்தான். ஆகவே மேலே இரவு தங்கினால், மறுநாள் விடிகாலையில் இறங்க எந்த அவசரமும் இல்லை. வெயில் ஏறி, மூட்டம் கலைந்து, ரோட்டில் ஈரம் காய்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல் இறங்க ஆரம்பியுங்கள். இருட்டுவதற்குள் மட்டும் கீழே வந்துவிடுங்கள்.